பாத்துப் போடுங்க தம்பி

கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு ஓடுகிற லாரிக்காரர்களிடம் பூமிநாதனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அது முடிந்ததும், "ஆனா நேர்மையான ஆளுங்க" என்று வரும். இரண்டும் உண்மைதான்.

எடைமேடையில் அவருக்கு வேலை. நிலக்கரி ஏற்றிய வண்டி மேடைமேல் ஏறினால், ஆட்டம் அடங்கித் திரையில் எண் நிலைத்து நிற்கும்வரை சீட்டுக் கொடுக்கமாட்டார். பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டுமே, அவருக்கென்ன? "அண்ணே, அடுத்த நடை போவணும்ணே" என்று கெஞ்சினாலும் சரி, ஏழு தலைமுறையை இழுத்து ஏசினாலும் சரி, பதில் ஒன்றுதான்: "வண்டி ஆடுது. நிக்கட்டும்."

இதே மனுஷன்தான் காரைக்காலில் குத்துச்சண்டைப் போட்டி நடக்கும் நாட்களில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஷூவும் மாட்டிக்கொண்டு நடுவராகப் போய் உட்காருவார். வாலிபத்தில் அவரும் கிளவுஸ் போட்டவர். பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. மூக்கு கொஞ்சம் கோணிப்போனதுதான் மிச்சம். அந்தக் கோணல் மூக்கோடுதான் தேவிகாவைப் பெண் பார்க்கப் போனார். "பரவால்ல, நேரா பேசறாரு" என்று அவர் மாமியார் சொன்னதாகக் குடும்பத்தில் இன்னும் ஒரு பேச்சு உண்டு.

நடுவர் வேலை வெளியிலிருந்து பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். ரிங்கைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவார்கள். மூன்று ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் நன்றாகக் குத்தியவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. கிளவுஸ் மேலும் தோள்மேலும் பட்ட குத்தெல்லாம் கணக்கில் வராது. முகத்திலோ வயிற்றிலோ சுத்தமாக இறங்கியதுதான் குத்து. கூட்டத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. தங்கள் பிள்ளை கையை வீசினால் போதும், கூரை எகிறும்.

அதுவும் காரைக்கால் கூட்டம் இருக்கிறதே, அது தனி ரகம். மற்ற ஊர்களில் சண்டை போடுகிறவரைப் பார்த்துக் கத்துவார்கள். இங்கே நடுவரைப் பார்த்துக் கத்துவார்கள். கையளவு ஊர். யாரைத் தொட்டாலும் யாருக்கோ மாமன், மச்சான், பங்காளி. "மாமா, கண்ணத் தொறந்து பாருங்க மாமா!" "மச்சான், நம்ம புள்ள மச்சான்!" ஒருதடவை இறுதிப் போட்டி உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஆள் எழுந்து நின்று, "பூமி அண்ணே, ஒங்க வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தி பரிமாறுனது யாருண்ணே?" என்று கேட்டான். ரிங்கில் இருந்த ரெஃப்ரியே சிரித்துவிட்டார்.

சொந்தக்காரர் நடுவராக உட்காரக் கூடாது என்று விதி இருக்கத்தான் இருக்கிறது. மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கத்தின் செயலாளர் நசீம் பாய், பெயிண்டும் ஆணியும் விற்கிற கடைக்காரர், அந்த விதியைக் கேட்டால் கையை விரிப்பார். "அப்படிப் பாத்தா காரைக்கால்ல கடலத்தான் கொண்டாந்து நாற்காலியில உக்கார வைக்கணும். அதுக்குத்தான் இங்க சொந்தபந்தம் கெடையாது."

பூமிநாதன் நடுவரான புதிதில் ஒரு சங்கதி நடந்தது. அவருடைய மச்சான் மகன் நன்றாகவே சண்டை போட்டு ஜெயித்தான். இவரும் அவனுக்குத்தான் போட்டார். மறுநாள் பேருந்து நிலையத்து டீக்கடையில் எவனோ ஒருவன், "மச்சான் மவனாச்சே, போடாம இருப்பாரா?" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னப் பாத்து அப்படிச் சொல்லிட்டானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது அந்த வியாதி. சொந்தக்காரன் சத்தம் போட்டால் இவர் விறைத்துக்கொள்வார். எவ்வளவு சத்தமோ அவ்வளவு விறைப்பு. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் நேர்மை. ஊரும் அதே பெயரைச் சொன்னது. "பூமிநாதனா, சொந்தத் தம்பி வந்தாலும் அசையமாட்டாரு" என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. இல்லையென்று சொல்லமுடியாது.

போன ஆவணியில் மாவட்டத் தேர்வுப் போட்டி நடந்தது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஜெயிக்கிறவர் புதுச்சேரி அணித் தேர்வுக்குப் போவார். பெண்கள் பிரிவின் கடைசிச் சண்டையில் நீல மூலையில் நின்றவள் அறிவுமதி. பூமிநாதனுக்குப் பெரியப்பா மகனான அண்ணனின் பெண். நெடுங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார், அம்மா கமலாம்பாள் இரண்டு மா நிலத்தையும் மகளையும் பார்த்துக்கொள்கிறாள். அறிவுமதிக்குப் பதினெட்டு. இந்த வயதுப் பிரிவில் இது கடைசி வருஷம். இதை விட்டால் பெரியவர்களோடு மோத வேண்டும். அவர்களை ஜெயிக்கிற அளவுக்குத் தேற இன்னும் நாலைந்து வருஷம் ஆகும், அதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும். இது அவளுக்குத் தெரியும், கமலாம்பாளுக்குத் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூமிநாதனுக்கும் தெரியும்.

சிவப்பு மூலையில் விஷ்ணுப்ரியா. காரைக்கால் டவுன் பெண். நல்ல கால்வேகம். அவளோடு வந்தது அவளுடைய பயிற்சியாளர் மட்டும்தான்.

அறிவுமதிக்கோ ஒரு லோடு வேன் நிறைய ஆள். நடவு முடிந்து சும்மா இருந்த நேரம் வேறு. வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? சரியாகப் பூமிநாதனின் முதுகுக்குப் பின்னால். கமலாம்பாள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடியே தொண்டையைத் திறந்தாள். "தம்பீ! பாத்துப் போடுங்க தம்பி! நம்ம புள்ள தம்பி!" கொழுந்தனாரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஆரம்பித்து வைக்க, வேன் முழுக்கச் சேர்ந்துகொண்டது. சித்தப்பா, மாமா, அண்ணே என்று திசைக்கொரு உறவாக வந்து அவர் பிடரியில் விழுந்தது.

மூன்று ரவுண்டும் முடிந்தபோது நடுவர்களில் இரண்டு பேர் அறிவுமதிக்குப் போட்டிருந்தார்கள், இரண்டு பேர் விஷ்ணுப்ரியாவுக்கு. ஐந்தாவது சீட்டு பூமிநாதனுடையது. அவர் விஷ்ணுப்ரியாவுக்குப் போட்டிருந்தார்.

ரெஃப்ரி சிவப்பு மூலைக்காரியின் கையைத் தூக்கினார். அறிவுமதி அழவில்லை. கிளவுஸைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அழுததும் ஏசியதும் கமலாம்பாள். வெளியே வந்து வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "நீ ஒரு சித்தப்பனா? ஒன் நேர்மையில நெருப்பு வைக்க!"

பூமிநாதன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனசுக்குள் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் பெருமை. பெருமைதான் ஒரு பிடி அதிகம். பார்த்தாயா, அண்ணன் பெண்ணுக்கே போடவில்லை நான்!

மறுநாள் காலை தேவிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போன். கமலாம்பாள் தான் எடுத்த வீடியோவைச் சொந்தக்காரர் குழுவில் போட்டிருந்தாள், ஊர் பார்க்கட்டும் என்று. தேவிகா திறந்தாள். திறந்ததும் கமலாம்பாளின் கத்தல் கொட்டியது.

"சை! உங்க அண்ணி வாயிருக்கே, காது கொடுத்துக் கேக்க முடியல" என்று சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, இதுல அறிவுதானே நல்லா குத்தியிருக்கா? எப்படிங்க தோத்தா?" என்றாள்.

"ஒனக்கென்ன தெரியும்?" என்றார் பூமிநாதன்.

"தெரியலன்னுதான் கேக்கறேன். சொல்லுங்களேன்."

சரி, சொல்லிக்கொடுப்போம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலை வைத்து விளக்கினார். "இது பாரு, கிளவுஸ்ல பட்டுது. கணக்கு கெடையாது. இது தோள். இதுவும் கெடையாது. இது..."

நின்றுவிட்டார். அது தாடை. சுத்தமாக, முழுசாக, இடது கையால் இறக்கிய குத்து. விஷ்ணுப்ரியாவின் தலை பின்னால் போய் வந்தது. பூமிநாதனுக்கு அப்படி ஒரு குத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"இது?" என்றாள் தேவிகா.

அவர் போனை வாங்கிக்கொண்டார். முதலிலிருந்து ஓட்டினார். படத்தின் கீழ்மூலையில் அவருடைய முதுகே தெரிந்தது, வெள்ளைச் சட்டையும் நரைத்த பிடரியும். இரண்டாவது ரவுண்டில் அந்தப் பிடரி திடீரென்று விறைக்கிறது, தலை கீழே குனிகிறது, நிமிர்கிறது. மறுபடியும் குனிகிறது. எதற்காகக் குனிகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. சத்தத்தைத் திறந்து வைத்துப் பார்த்தார். அப்போது விளங்கியது. "தம்பீ!" என்று கமலாம்பாள் கத்தும்போதெல்லாம் அவர் குனிகிறார். வெட்கத்தில், எரிச்சலில், எனக்கு இவர்கள் யாருமில்லை என்று காட்டுகிற வீம்பில் மடியிலிருந்த சீட்டைப் பார்க்கிறார். கமலாம்பாள் எப்போது கத்துவாள்? மகள் குத்தும்போதுதானே கத்துவாள்! அவள் குத்திய நல்ல குத்தெல்லாம் இவர் குனிந்திருந்த நேரத்தில் விழுந்திருந்தது.

"அடப்பாவி" என்றார் பூமிநாதன். தன்னைத்தான்.

தேவிகா கீரைத் தண்டை ஒடிப்பதை நிறுத்தவில்லை. "என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்ண? முடிஞ்சு போச்சு."

"பேரு புதுச்சேரிக்குப் போயிடுச்சா?"

"இல்ல. வெள்ளிக்கெழமதான் அனுப்புவாங்க."

"அப்ப முடியல" என்றாள் அவள்.

போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று பூமிநாதனுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ அந்தச் சொல் வரும். அண்ணன் பெண்ணுக்காக முடிவையே மாற்றினான் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் பேர் பத்திரமாக இருக்கும். பெண்ணின் வருஷம் போய்விடும்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நசீம் பாய் கடையில் வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பூமி, இத நீ பாக்கல, நானும் பாக்கல. வீட்டுக்குப் போ."

"பாத்துட்டேன் பாய்."

"மறுபோட்டி வெச்சா என்ன பேசுவாங்க தெரியுமா? ஒன் மானம் கப்பலேறிப் போயிடும்."

"துறைமுகத்துல நெதமும் கப்பல் பாக்கறவன்தான் பாய் நான். போவட்டும்."

நசீம் பாய் கொஞ்ச நேரம் ஆணிப்பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தார். "சரி, வைக்கறேன். புதுச்சேரிலேருந்து புது நடுவருங்கள வரச் சொல்றேன். ஆனா இந்த சீசன் பூரா நீ நாற்காலியில உக்காரக் கூடாது. அப்புறம், விஷ்ணுப்ரியாகிட்ட நான் போய்ச் சொல்லமாட்டேன். செஞ்சவன் நீ, நீயே போய்ச் சொல்லு."

அதுதான் கஷ்டமான நடை. விஷ்ணுப்ரியா வீட்டு வாசலில் நின்று பூமிநாதன் சொன்னதை அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு சுருக்கென்று கேட்டாள். "எனக்குப் போட்டப்ப நேர்மை. இப்ப ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு மறுபோட்டி கேக்கறதும் நேர்மையா சார்?"

"நீ கேக்கறது நியாயம்மா" என்றார் பூமிநாதன். "நீ அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணல. நான் பாக்க வேண்டியதப் பாக்கல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"வைங்க. நான் என்ன பயந்தா கெடக்கறேன்?" என்று அவள் உள்ளே போய்விட்டாள். தைரியமான பெண். அவளைக் குறை சொல்ல வாயில்லை.

சேதி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? எடைமேடையில் லாரிக்காரன் ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "என்னண்ணே, நீங்களும் ஆட ஆரம்பிச்சிட்டீங்களாமே?" என்றான். பூமிநாதன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வலித்தது, நன்றாகவே வலித்தது.

வியாழக்கிழமை மறுபோட்டி. அதற்கு முதல் நாள் கிராமத்துக்குப் போய்க் கமலாம்பாள் வாசலில் நின்றார். "அண்ணி, நாளைக்கு யாரும் கத்தக் கூடாது. ஒருத்தரும். வர்ற நடுவருங்களுக்கு நம்ம சத்தமே காதுல விழக் கூடாது. புள்ள சுத்தமா ஜெயிக்கட்டும்."

கமலாம்பாள் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அதனால் பசுமாட்டைப் பார்த்துச் சொன்னாள். "கத்துனாலும் குத்தமாம், கத்தாட்டியும் குத்தமாம். சரி, வாய மூடிக்கிறோம்னு சொல்லு."

சொன்னபடி செய்தார்கள். அதே லோடு வேன், அதே ஆட்கள், துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கமலாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பூமிநாதன் அவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில். வெள்ளைச் சட்டை கிடையாது, கட்டம் போட்ட சட்டை.

முதல் ரவுண்டு விஷ்ணுப்ரியாவுக்குப் போனது. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அறிவுமதியின் கை எழும்பவேயில்லை. குத்தப் போவதும் நிறுத்துவதுமாகப் பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். ஒரு முகத்திலும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ரவுண்டு தொடங்கியும் அப்படியே. மின்விசிறி சுற்றுகிற சத்தமும் ஷூ தேய்கிற சத்தமும்தான். பிறந்ததிலிருந்து சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பெண் அவள். வயலில், வீட்டில், பள்ளிக்கூடத்தில், ரிங்கில், எங்கேயும் அவள் அம்மாவின் குரல் அவளுக்கு முன்னால் போகும். அதைப் பிடுங்கிவிட்டு நில் என்றால் எப்படி நிற்பாள்?

பூமிநாதன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். முதல் தடவை சத்தத்துக்குப் பயந்து அவளைத் தோற்கடித்தாயிற்று. இப்போது வாயைக் கட்டி இரண்டாவது தடவையும் தோற்கடிக்கப் போகிறேனா? கூட்டம் கத்தத்தான் செய்யும். அது கூட்டத்தின் வேலை. அதைக் காதில் வாங்கிக்கொண்டும் கண்ணை எடுக்காமல் இருப்பது நாற்காலியில் உட்கார்ந்தவன் பாடு. தன்னால் முடியாததற்கு இந்த ஜனங்களின் வாயை எதற்கு அடைத்தார்?

எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் ரிங் பக்கத்தில் வாயே திறக்காத மனுஷன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

"அறிவூ! எடது கையத் தூக்கு புள்ள! குத்து!"

கமலாம்பாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கொழுந்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திறந்தாளே தொண்டையை! வேன் மொத்தமும் எழுந்துகொண்டது. அறிவுமதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. தோள் இறங்கியது, கால் நகர்ந்தது, இடது கை போய் விழுந்தது.

நடுவர்களை ஒரு கண் பார்த்தார் பூமிநாதன். அவருடைய பழைய இடத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த இளவயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பக்கத்திலேயே கமலாம்பாள் கத்தினாள். அந்தப் பெண் விறைக்கவில்லை, குனியவில்லை. கிளவுஸ் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமிநாதனுக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாவது ரவுண்டில் விஷ்ணுப்ரியாவும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் நின்று குத்திக்கொண்டார்கள். மணி அடித்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஐந்து நடுவர்களில் நாலு பேர் அறிவுமதிக்குப் போட்டிருந்தார்கள். ரெஃப்ரி நீல மூலைக்காரியின் கையைத் தூக்கினார். விஷ்ணுப்ரியா அவளைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாள். போகிற போக்கில் பூமிநாதனைப் பார்த்து, "இப்ப சரி சார்" என்றாள்.

வேன்காரர்கள் அறிவுமதியைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒதுங்கிய பிறகு பூமிநாதன் மெதுவாகப் போனார்.

"ரொம்ப சந்தோஷம்மா. நல்லா ஜெயிச்ச."

அறிவுமதி கைக்கட்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு ஜெயிச்சதுக்கு எல்லாரும் சொல்லிட்டாங்க சித்தப்பா. நீங்க, அன்னிக்கு நான் ஜெயிச்சதுக்குச் சொல்லுங்க."

பூமிநாதனுக்குக் கழுத்து தானாகக் குனியப் பார்த்தது. கஷ்டப்பட்டு நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். உதடு வீங்கியிருந்தது.

"அன்னிக்கும் நீதான் ஜெயிச்ச" என்றார்.

பின்னாலிருந்து கமலாம்பாளின் குரல் வந்தது. பசுமாட்டிடம் இல்லை, இந்தத் தடவை நேராக அவரிடமே.

"சத்தமாச் சொல்லுங்க தம்பி. அங்க உள்ளவங்களுக்கும் கேக்கட்டும்."

சொன்னார். அரங்கம் முழுக்கக் கேட்டது.